சார்ட் பேப்பர் கீபோர்டு

சாயல்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் பள்ளிக்கு வந்த கம்ப்யூட்டர்களை உப்புக்காற்று தின்றுவிட்டது. எத்தனை முறை சொல்லியும் பழுது பார்க்க ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வாசலில் ‘டிஜிட்டல் வகுப்பறை’ என்ற பலகை மட்டும் பளபளக்கிறது. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேறு வழியில்லாமல் சார்ட் பேப்பரில் கீபோர்டு வரைந்து மேசைமேல் விரித்தேன். மொத்த வகுப்புக்கும் அது ஒன்றுதான். “மெதுவாத் தொடுங்க, அழுத்துனா கிழிஞ்சிரும்!” என்று தினமும் கத்துவேன். உப்பளத்தில் வேலை செய்பவரின் மகள் ஒருத்தி, கண்ணை மூடிக்கொண்டே அதில் தன் பெயரைத் தட்டுவாள்.

ராமநாதபுரத்தில் நடந்த கணினித் தேர்வுக்கு அவளைத்தான் கூட்டிப்போனேன். நிஜமான கீபோர்டில் அன்றுதான் கை வைத்தாள். எனக்கு உள்ளே அனுமதியில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று தவித்தேன். அவள் விரல்கள் சரியான எழுத்துகளின்மேல்தான் ஓடின. திரையில் ஒன்றுமே விழவில்லை. திரையைப் பார்ப்பாள், மறுபடி முதலிலிருந்து தொடுவாள். நேரம் முடிந்து மணியும் அடித்துவிட்டது.

வெளியே வந்தவளிடம், “ஏம்மா, ஒரு எழுத்துகூட விழலையே?” என்றேன்.

“நீங்க சொன்னாப்புல மெதுவாத்தான் தொட்டேன் டீச்சர்,” என்றாள். “அழுத்துனா வைவீகள்ல?”