கடலுக்குப் போகும் வண்டி

நீலாவின் கண்ணைச் சோதித்துவிட்டு, டாக்டர் அவளிடம் பேசாமல் அவள் புருஷன் கோவிந்தராஜனிடம் பேசினார். கண் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது. மருந்து அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. மிஞ்சினால் ஒன்றரை வருஷம். ஆசைப்பட்டதை எல்லாம் இப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள் என்றார். கட்கியில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் நீலா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கடலைப் பார்க்க வேண்டும்.

அறுபத்தொரு வயது வரை அவள் கடலைப் பார்த்ததில்லை. பம்பாய்க்கு இரண்டு முறை போயிருந்தாள். ஒன்று கல்யாணத்துக்கு, ஒன்று சாவுக்கு. இரண்டு முறையும் ரயிலுக்கு நேரமாகிறது என்று அவளை நேராக ஸ்டேஷனுக்கு இழுத்து வந்தவர் கோவிந்தராஜன்தான்.

"கடல்தானே, காட்டறேன்" என்றார்.

அந்த வாரமே காட்டியிருக்கலாம். கொங்கண் கரைக்குக் காரில் ஐந்து மணி நேரம். விமான் நகரிலிருந்து மகள் ப்ரீதி போன் செய்து, "சனிக்கிழமை கார் புக் பண்றேன்பா, ஒரு நைட் தங்கிட்டு வரலாம்" என்றாள். ஆனால் நீலா ஒரு முறை பண்டரிபுரத்தில் லாட்ஜ் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள். கோவிந்தராஜனுக்கு அது மறக்கவில்லை. லாட்ஜே வேண்டாம் என்றார்.

"பார்த்து நடக்கறேங்க" என்றாள் நீலா.

"பார்த்து நடப்பியா? நீயா?"

அவர் ஒரு வண்டி கட்டப் போவதாக அறிவித்தார். தம் பழைய பொலீரோ காரின் பின்னால் கோத்து இழுத்துப் போகிற வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, கைப்பிடி வைத்த கக்கூஸ். தலையணை உயரத்தில் ஒரு சன்னல், படுத்தபடியே அவள் கடலைப் பார்க்க.

அரசுத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் அவர் பார்த்த வேலை, பிறர் செய்ததைச் சோதிப்பது. வெல்டிங் பற்றவைப்பில் ஊசி முனையளவு காற்றுத் துளை இருந்தாலும் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். 'லால் ஃபுலி', சிவப்புக் குறி, என்பதே அங்கே அவர் பெயர். அவர் கையால் தப்பு நுழைந்ததில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அவர் கையால் எதுவும் செய்யப்பட்டதும் இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

ஆகவே பற்றவைக்க ஆள் வேண்டும். சுந்தரமூர்த்தியை அழைத்தார். அதே தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பதவி உயர்வுக்கான சோதனையில் மூன்று முறை கோவிந்தராஜனின் சிவப்புக் குறி வாங்கி, சேர்ந்த கிரேடிலிருந்து ஒரே ஒரு படி மட்டும் ஏறி வீட்டுக்குப் போனவர். ஏன் வந்தார் என்பது அவருக்கே விளங்கியிருக்குமா தெரியவில்லை. நீலா அக்காவுக்காக என்று சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் வேலை தொடங்கியது. பங்கார் என்கிற பழைய இரும்புக் கடையில் ஜீப் ஒன்றின் அச்சு எடுத்தார்கள். கோவிந்தராஜன் அதை இரண்டு முறை திருப்பி அனுப்பினார். வண்டியின் எடையைப் போல இரண்டு மடங்கு தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, இரும்புச் சட்டத்தை அதற்கேற்பக் கனமாக்கினார். சட்டம் கனமானதால் எடை கூடியது. எடை கூடியதால் மறுபடி கணக்குப் போட்டார். அடுத்த வீட்டு மராத்திக்காரப் பெண்மணி மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "காகா, ரணகாடா செய்றீங்களா?" என்று ராணுவ டாங்கியைச் சொல்லிச் சிரித்தாள்.

சுந்தரமூர்த்தி பகலில் பற்றவைப்பார். சாயங்காலம் கோவிந்தராஜன் பூதக்கண்ணாடியும் சாக்பீஸுமாக வருவார். குறி விழுந்த இடத்தை மறுநாள் அறுத்தெடுத்து, மீண்டும் பற்றவைக்க வேண்டும். மழை வந்து போயிற்று, சதுர்த்திக்குக் கணபதி வந்து போனார். நீலா டீ டம்ளரை மேஜை விளிம்புக்கு வெளியே வைக்கத் தொடங்கினாள்.

"ஏங்க, இது போதும். ஓடாதா இது?" என்றாள் ஒரு நாள், இரும்பைக் கையால் தடவிப் பார்த்து.

"ஓடும். காட் ரோட்ல உடைஞ்சா?" மலைச்சாலையைத்தான் சொன்னார்.

தீபாவளி கழிந்து, பொலீரோவோடு வண்டியைக் கோக்கும் இழுவைக் கம்பியின் முறை வந்தது. சுந்தரமூர்த்தி அதை நான்காவது முறையாகப் பற்றவைத்திருந்தார். நான்காவது முறையும் சிவப்புக் குறி.

சுந்தரமூர்த்தி முகக்கவசத்தைக் கழற்றினார். "சார், ஒண்ணு கேக்கறேன். உங்க சர்வீஸ்ல ஒரு ஜாயிண்டை, ஒரே ஒரு ஜாயிண்டை, நல்லாகீதுன்னு வாயால சொல்லிகீறீங்களா?"

"நல்லா இருந்தா குறி போட மாட்டேன். அதான் சொல்றது."

"அக்காவுக்குக் கண்ணு போய்கினு இருக்குது சார்."

"அதுக்காக ஓட்டை வெல்டிங்ல அவள ஏத்தணுமா? நீ அந்த மூணு தடவையும் இப்படித்தான் பேசின. கை வேலை செய்யணும் சுந்தரம், வாய் இல்ல."

சுந்தரமூர்த்தி கையுறைகளைக் கழற்றி வண்டியின் படியில் அடுக்கி வைத்துவிட்டுப் போனார். நீலா வாசல்வரை தடுமாறி வந்து கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

கோவிந்தராஜன் வெல்டிங் மிஷினை வாடகைக்கு எடுத்தார். முப்பத்திரண்டு வருஷம் பிறர் பற்றவைத்த கோட்டைப் பார்த்த கண்ணுக்குத் தம் கோடு எப்படி இருக்கிறது என்பது தெரிந்தது. புழு ஊர்ந்த மாதிரி இருந்தது. அறுத்தார், பற்றவைத்தார், அறுத்தார். மாசியில் இழுவைக் கம்பி ஓரளவு நின்றது. ஆனால் தொழிற்சாலையில் ஒரு விதி உண்டு: செய்தவனே சோதிக்கக் கூடாது. அந்த விதியை மீறியவர்கள்மேல் அவரே புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். தம் வேலையைத் தாமே சரி என்று தேற்றிவிட்டு அதில் நீலாவை ஏற்ற அவரால் முடியவில்லை. முடிந்திருந்தால் அன்றே அவள் கடலைப் பார்த்திருப்பாள். அப்போது அவளுக்கு நேர் எதிரே இருப்பது, சாவித் துவாரத்தில் பார்ப்பதுபோலத் தெரிந்துகொண்டிருந்தது.

சுந்தரமூர்த்தியின் வீட்டுக்குப் போக அவருக்கு மேலும் இரண்டு மாதம் பிடித்தது. போனவரை சுந்தரமூர்த்தி உட்காரச் சொல்லவில்லை.

"செக் பண்ணத்தான் கூப்பிடறேன். உன் கையால தேத்திட்டா கிளம்பிடுவோம்."

"நானா? உங்க வேலையையா?" சுந்தரமூர்த்தி வெகு நேரம் அவரையே பார்த்தார். "சரி சார். வரேன்."

மறுநாள் சொன்னபடி வந்தார். சட்டைப் பையில் சிவப்புச் சாக்பீஸ் கொண்டு வந்திருந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றி, குனிந்து, ஊர்ந்து, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவினார். பிறகு குறி போடத் தொடங்கினார். இழுவைக் கம்பியில் போட்டார். சட்டத்தில் போட்டார். தாம் பற்றவைத்து கோவிந்தராஜன் தேற்றிய இணைப்புகளிலும் போட்டார். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"இது நீ வெச்சது" என்றார் கோவிந்தராஜன்.

"தெரியும் சார்."

"எல்லாமா மோசம்?"

"முக்கால்வாசி நல்லாத்தான் கீது." கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். "எதுன்னு சொல்ல மாட்டேன். நீங்களும் எனக்குச் சொன்னதில்ல."

அன்றிலிருந்து கோவிந்தராஜன் பூதக்கண்ணாடியோடு வண்டியின் அடியிலேயே கிடந்தார். பார்க்கும் இணைப்பெல்லாம் ஒரு நேரம் நன்றாகத் தெரிந்தது, மறுநேரம் விரிசல் விட்டதுபோலத் தெரிந்தது. தம் கண்ணை நம்ப முடியாமல் போவது என்ன என்று அவருக்கு முதல் முறையாகப் புரிந்தது. அதை வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருந்தவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

மழை தொடங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, அவர் பங்கார் கடைக்குப் போயிருந்தபோது, ப்ரீதி கார் கொண்டுவந்து அம்மாவை அழைத்துப் போனாள். சமையலறை மேடையில் சோறும் குழம்பும் மூடி வைக்கப்பட்டிருந்தன. ஞாயிறு மாலை நீலா திரும்பி வந்தாள். செருப்பில் மணல் ஒட்டியிருந்தது. வாசற்படியைக் காலால் துழாவிக் கண்டுபிடித்து ஏறினாள்.

"பார்த்தியா?" என்றார் கோவிந்தராஜன்.

"வெள்ளையா இருந்துச்சு. வானமா தண்ணியான்னு தெரில. சத்தம் நல்லா கேட்டுச்சு."

அவர் அவள் செருப்பிலிருந்த மணலைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ராத்திரி எங்க தங்கினீங்க?"

"லாட்ஜ்ல."

"பாத்ரூம்?"

"சுத்தமா இருந்துச்சு" என்றாள் நீலா. "புடிச்சுக்க கம்பி வெச்சிருந்தான். ரெண்டு பக்கமும்."