உங்க பாடி ரொம்பப் பெரிசாம்

அடுத்தவர் விண்ணப்பப் பாரத்தைக் கணினியில் நிரப்பிக் கொடுத்து ஏச்சு வாங்கும் சகோதரர்களே, நம் தொழிலில் மனிதரைச் சமாளித்துவிடலாம், சர்வரைத்தான் முடியாது.

லோரி ஓட்டி முட்டி தேய்ந்தபின், கோலா சிலாங்கூரில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் உட்கார்ந்தேன். எங்கள் பழைய தோட்டத்து ஆட்களுக்கு வீடு கொடுக்கப் பட்டியல் போட்டார்கள். அதற்கு புரோகிராம் எழுதிய கவிதா கடைக்கு மேல்மாடியில் இருந்தாள். எது கெட்டாலும் அவளிடம் ஒரே பதில்: "நீங்கதான் தப்பா அமுக்கியிருப்பீங்க, அங்கிள்."

எடை

கடைசி நாள். ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். இன்னும் தோட்டத்து லயத்து வீட்டிலேயே இருக்கும் மாரியக்கா, தன் படத்தோடு மூன்று மணிக்கு வந்தார். அனுப்பினேன். சிவப்பில் இங்கிலீஷ் வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்து, நம்பிக்கையோடு மொழிபெயர்த்தேன்: "அக்கா, உங்க பாடி ரொம்பப் பெரிசாம்."

அக்கா குடையைத் தூக்கினார்.

"வீடு கேட்டு வந்தா எடையா பாக்குற?"

மூட்டை

கவிதா சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். பேர், அடையாள அட்டை ஐசி நம்பர், படம் எல்லாம் சேர்த்து நாம் அனுப்புகிற மூட்டைக்குத்தான் பாடி என்று பெயராம். அளவு மீறினால், அந்தப் பக்கம் வாங்கிப் பதிகிற கம்ப்யூட்டர், அதாவது சர்வர், வாங்காதாம். லோரிக்கும் அதே சட்டம்தான், இதை முன்னமே சொல்லியிருக்கலாம்.

"பெரிசு அக்கா இல்ல அங்கிள், அவங்க போட்டோதான் லா!"

பாதி

படத்தைச் சுருக்கி அனுப்பினேன். மழையில் லைன் அறுந்தது. இவ்வளவு வருகிறது என்று நாம் முதலிலேயே சொல்லியிருக்க, பாதிதான் வந்தால் சர்வர் காத்திருந்து பார்த்துவிட்டுக் கடாசிவிடும். அதை அக்காவிடம் சொன்னேன்.

"பாதி நான் போயிட்டேன்ல, பாதி வீடாவது குடுக்கச் சொல்லு!"

காலி

நாலே முக்கால். மறுபடி அனுப்பினால், பாடி காலி என்றது. இம்முறை மொழிபெயர்ப்பைக் கவிதாவிடம் விட்டேன், அவள் வாசித்துச் சொன்னாள். அக்கா கேட்டார்: "இப்ப ஒல்லியாயிட்டேனா?"

கவிதா தேடினாள், முகம் சுருங்கியது. மத்தியானம்தான், வருவதையெல்லாம் குறித்துவைக்கப் புரோகிராமில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள். அந்த வரி மூட்டையை முதலில் பிரித்து வாசித்துவிட்டது. குழாய்த் தண்ணீர் மாதிரி, ஒருவர் பிடித்தால் தீர்ந்தது. பெயர் பதிகிற இடத்துக்குச் சொட்டுகூட மிச்சமில்லை. வரியை அழித்தாள்.

"யார் தப்பா அமுக்கினது?" என்றேன். "நான்தான் அங்கிள்" என்றாள். "சத்தமா!" என்றேன். அக்கா குடையால் மேசையைத் தட்டினார்.

"அவளை நாளைக்குத் திட்டு தம்பி, இப்ப என் பாடிய அனுப்பு!"

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அக்கா பெயர் ஏறியது. சர்வர் எதையும் ஒரே தடவைதான் வாசிக்கும், நானோ கவிதா சொன்ன "நான்தான் அங்கிள்" என்பதைத் தினம் மூன்று வேளை வாசிக்கிறேன்.