பாதிச் சோறு

ஜெஸ்லா தன் கையால் இரண்டு பிள்ளைகளை ஊட்டி வளர்த்திருக்கிறாள். இரண்டும் குவைத்தில், வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள். புருஷன் மவுத்தாகி அடக்கமான பிறகு, தத்தித் தத்தி நடந்த மகள் நிஷ்மியாவைத் தங்கை ஸஜீதாவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறியவள் அவள். திரும்பி வந்து, ஊருக்குப் போகும் யட்டவத்த பஸ்ஸிலிருந்து இறங்கியபோது பிள்ளை ஐந்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள். வந்தவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சாச்சி, ஆள் வந்திட்டாங்க” என்று உள்ளே இருந்த ஸஜீதாவுக்குக் குரல் கொடுத்தாள்.

அந்த ‘ஆள்’ என்ற சொல் ஜெஸ்லாவின் நெஞ்சில் முள்ளாய் நின்றது. இன்றுவரை மகள் அவளை உம்மா என்று கூப்பிட்டதில்லை. “நீங்க”, “இங்க பாருங்க”, அவ்வளவுதான்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்க ஆள் தேடியபோது அவள் ஓடிப்போய் முன்னால் நின்றதற்கும் அதுதான் காரணம். மகள் சாப்பிடுவதைத் தினம் ஒருமுறையாவது கண்ணால் பார்க்கலாமே.

சிவப்பரிசிச் சோறு, பருப்பு, நெத்தலி, முருங்கையிலைச் சுண்டல். பிள்ளைகள் வரிசையில் நின்று வம்பளப்பார்கள்.

“மாமி, இன்னிக்கும் புல்லா? நாங்க என்ன மாடா?”

“மாடு எவ்வளவு பலமா ஈக்கி, பாருங்க மகன். தின்னுங்க!”

சிரித்துக்கொண்டே தட்டை வழித்துவிடுவார்கள். நிஷ்மியா மட்டும் பாதிதான் தின்பாள். மீதியுடன் வாங்குப் பலகையின் ஓரத்துக்கு ஒதுங்குவாள். சற்றுக் கழித்துப் பார்த்தால் தட்டு காலியாக இருக்கும்.

கொட்டிவிடுகிறாள் என்றே ஜெஸ்லா நினைத்தாள். என் கைச் சோறு பிடிக்கவில்லை, என்னையும் பிடிக்கவில்லை என்று மனம் கணக்குப் போட்டது. மகளை எப்படியாவது தன் பக்கம் இழுக்க வேண்டுமென்று வீட்டில் பக்கெட் நூடில்ஸ், சொசேஜ், கிரீம் பிஸ்கட் என்று வாங்கிக் குவித்தாள்.

“ஊர்ப் புள்ளைகளுக்குக் கீரை, சொந்தப் புள்ளைக்கு நூடில்ஸா?” என்று ஸஜீதா குத்தினாள். “நல்ல ஞாயம்!”

அந்த நூடில்ஸிலும் பாதி காணாமல் போனதுதான் ஜெஸ்லாவுக்கு விளங்கவேயில்லை.

ஒரு சனிக்கிழமை, கழுவிக் காயப்போட மகளின் புத்தகப் பையைக் கவிழ்த்தாள். ஷொப்பிங் பை ஒன்று விழுந்தது. அவிழ்த்தால், உள்ளே காய்ந்து கட்டிப்போன சிவப்புச் சோறு, கருகிய முருங்கையிலை, ஒரு துண்டு பிஸ்கட்.

ஸஜீதா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“காஸ் சிலிண்டருக்கு லைன்ல நின்டத ஃபோன்ல சொன்னேனே, ஞாபகம் ஈக்கா, தாத்தா? ஒரு வேளைதான் ஆக்குவேன். பாதிய ராவைக்கி எடுத்து வைங்க மகள்னு சொல்லுவேன். அப்ப வேற வழி இருக்கல்ல. இன்னும் இந்தப் புள்ளை வைக்கிது.”

தாத்தா என்று அக்காவைக் கூப்பிடும் வழக்கம் அவர்களுக்கு. ஜெஸ்லா குவைத்து வீட்டில், வேண்டாம் வேண்டாம் என்று தலையைத் திருப்பிய பிள்ளைகளின் வாயில் கரண்டியைத் திணித்துக்கொண்டிருந்த காலம் அது.

மத்தியானம் சோறு ஆக்கி, அலுமாரிக்கு மேலிருந்த சஹனை இறக்கினாள். கலியாணத்துக்கும் கந்தூரிக்கும் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. கறியையும் சுண்டலையும் அவித்த முட்டைகளையும் நடுவில் வைத்துச் சோற்றால் நிறைத்தாள்.

“இன்னிக்கி யாருக்குக் கலியாணம்?” என்றாள் நிஷ்மியா.

“ஒங்களுக்குத்தான். மாப்பிள்ளை வாற வழியில பஸ்ஸ விட்டுட்டாராம். உக்காருங்க” என்றாள் ஸஜீதா.

மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பிஸ்மி சொல்லிவிட்டு, நிஷ்மியா தன் பக்கத்துச் சோற்றில் விரலால் கோடு கீறிப் பாதியை ஒதுக்கினாள். சாச்சி எடுத்த எடுப்பில் சோறு சரிந்து, கறி வழிந்து, கோடு அழிந்தது. மறுபடி கீறினாள். மறுபடி அழிந்தது.

“இதுல மிஞ்சினா யாருக்கு?”

“நம்ம மூணு பேருக்கும்” என்றாள் ஜெஸ்லா.

“நாளைக்கி?”

“நாளைக்கும் இதே சஹன்தான் மகள். நெறைச்சித்தான் வைப்பேன்.”

பிள்ளை நிமிர்ந்தாள். “நீங்க திரும்பக் குவைத்துக்குப் போனா?”

ஸஜீதாவின் கை பாதியில் நின்றது. இத்தனை நாளும் இந்தப் பிள்ளை பைக்குள் எதற்காகச் சோறு கட்டியது என்று அப்போதுதான் ஜெஸ்லாவுக்கு முழுதாக விளங்கியது.

“போக மாட்டேன். உங்களப் பசியில விட்டுட்டு இனி எங்கயும் போக மாட்டேன்.”

நிஷ்மியா நம்பினாளோ இல்லையோ, மூன்றாவது தரம் கோடு கீறவில்லை. மெல்ல மெல்ல, தன் பக்கத்துச் சோற்றைத் தட்டின் வெள்ளை தெரியும்வரை தின்றாள். கடைசியில் நடுவிலிருந்த ஒரு முட்டையைப் பிய்த்து, பாதியை ஜெஸ்லாவின் பக்கம் தள்ளினாள்.

“இது உங்கட பக்கம்.”

உம்மா என்ற சொல் அன்றும் வரவில்லை. ஜெஸ்லா அந்தப் பாதி முட்டையை, தீர்ந்துவிடக் கூடாதென்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.