கருணாகரன் புத்தகத்துப் போர்டு

நெய்வேலி மெயின் பஜாரில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துக் கடை வெண்மதியுடையது. அப்பா ராயப்பனுக்கு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. மகள் சொந்தக் காலில் நிற்கட்டும் என்று கடை பிடித்துக் கொடுத்தார். தண்ணீர் டேங்க் நிரம்பினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் போர்டு செய்து விற்பதுதான் அவள் தொழில்.

முதல் போர்டை அரிசிக்கடை வேணுவுக்குப் போட்டாள். டேங்க் வழிந்தும் மோட்டார் நிற்கவில்லை. மாடியிலிருந்து தண்ணீர் இறங்கி மூட்டையெல்லாம் பாழ். "பொம்பளைய நம்பி மோசம் போனேன்" என்று வேணு பஜார் முழுக்கச் சொல்லித் தீர்த்தார். அதன்பிறகு அவள் கடைக்கு ஈ காக்கை வரவில்லை.

தப்பு அவளுடையதே இல்லை. பயிற்சி மையம் நடத்தும் கருணாகரன் எழுதி விற்ற புத்தகத்தைப் பார்த்துத்தான் செய்திருந்தாள். டேங்கில் மிதக்கும் மிதவையிலிருந்து போர்டிலுள்ள சிப்பின் காலுக்கு என்ன சேதி வருகிறது என்று அறிய, சிப்புக்குள் ஓர் இடத்தைப் படிக்கும்படி புரோகிராம் எழுதச் சொல்லியிருந்தார். அந்த இடத்தில் இருப்பதோ நாம் கடைசியாக எழுதி வைத்தது மட்டும். டேங்க் நிரம்பினாலும் சிப்புக்குத் தெரியாது. வெண்மதி தானாகக் கண்டுபிடித்து அவரிடமே போய்ச் சொன்னாள். "என் புக்ல தப்பா? ஒழுங்கா படிம்மா" என்று விரட்டிவிட்டார். அடுத்த பதிப்பில் அந்த வரியைச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டார், பெரிய மனுஷன்! எனக்கே வயிறு எரிந்தது.

கோடை மழையில் இடி விழுந்து அவர் மையத்து டேங்க் போர்டு செத்தது. தூக்கிக்கொண்டு வெண்மதியிடமே வந்தார். அவளை அடையாளம்கூடத் தெரியவில்லை அந்த ஆளுக்கு. அவளும் காட்டிக்கொள்ளாமல் புது சிப் போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் நனைந்த வேட்டியோடு ஓடிவந்தார்.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க? மோட்டார் ஓடிகினே இருக்கு! கம்ப்யூட்டரெல்லாம் தண்ணியில மெதக்குது!"

வெண்மதி அவருடைய பழைய பதிப்பை எடுத்துப் பிரித்து முன்னால் வைத்தாள்.

"நீங்க எழுதினபடியேதாங்க பண்ணேன்."

அவர் முகம் செத்துப்போனது. எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது.

"சரி பண்ணிக் குடும்மா" என்றார்.

"பண்றேங்க. மொதல்ல வேணு கடைக்கு வந்து நடந்தத உங்க வாயால சொல்லுங்க."

கடையைப் போட்டது போட்டபடி நானும் பின்னால் ஓடினேன். அரிசி வாங்க நின்ற கூட்டத்தின் நடுவே, தப்பு தன் புத்தகத்தினுடையது என்று கருணாகரன் சொன்னார். வேணு அசடு வழிந்தார்.

"மனசுல வச்சிக்காத வெண்மதி. நீயே வந்து வேற போர்டு போட்டுக் குடும்மா."

"உங்களுக்கு மட்டும் பண்ண மாட்டேங்க. பொம்பளைய நம்ப வேணாம், வேற ஆளப் பாருங்க."

கூட்டத்திலேயே சொல்லிவிட்டு, கருணாகரன் மையத்துப் போர்டைச் சரிசெய்யக் கிளம்பிவிட்டாள். வேணு எத்தனையோ பேரைத் தூது விட்டுப் பார்த்தார். இன்றுவரை அவள் அசையவில்லை.