பவுடர் கலந்த சாம்பல்

அன்று செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் இருந்தவர்கள்: ஃபோர்மேன் சார். அவருடைய ஒரே மகன். ஏரிக் காவல்காரர். நான். சாரின் மனைவி வரவில்லை. துணி ஊறப் போட்டிருக்கிறேன், நீங்கள் போய் விளையாடிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். தண்ணீரில் ஒரு விமானம். முழங்கை நீளம், மரத்தில் செய்தது, சாம்பல் நிறம். எண்பத்து நான்காம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த விமானம் இப்போது என் வீட்டு பீரோ மேல் இருக்கிறது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். கோவில்பதாகையில் பிறந்தேன். ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் முப்பத்து நான்கு வருடம் ஸ்ப்ரே கன் பிடித்தேன். ராணுவ வண்டிகளுக்குப் பச்சை அடிக்கிற வேலை. அடித்த வண்டி காட்டில் நின்றால் கண்ணில் படக் கூடாது. பட்டால் அது கெட்ட பெயிண்ட். ஃபோர்மேன் சார் எனக்கு மேலே. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், கத்தோலிக்கர். ஒரு வண்டியைச் சுற்றி வந்து ஓர் இடத்தில் விரல் வைப்பார். அந்த இடத்தை நான் மறுபடி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் பேச்சு. வேலை விட்டால் எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே விளையாட்டு அவர் மகன் ஆரம்பித்தது.

அவனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று வாங்கி வந்தான். உள்ளே முழுக்கப் பழைய உலகப் போர் விமானங்கள். எல்லாம் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் பறந்தவை. தம்பிக்குக் கடற்படைப் பைத்தியம். ஒவ்வொரு படமாகக் காட்டி, இது நேவியில் இருந்திருந்தால் என்ன கலர் அடித்திருப்பார்கள் என்று கேட்பான். சார் கல்யாண முருங்கைக் கட்டையில் அந்த விமானத்தைச் செதுக்குவார். லேசான மரம், தண்ணீரில் மிதக்கும். கலரைத் தம்பி சொல்வான். நான் கலப்பேன். கடல் எப்படி இருக்கும், மேகம் இருந்தால் எப்படி, மதியத்தில் எப்படி என்று அப்பனும் பிள்ளையும் சண்டை போடுவார்கள். மேல் பக்கம் கடல் மாதிரி இருண்டு இருக்க வேண்டும், வயிற்றுப் பக்கம் வானம் மாதிரி வெளுத்து இருக்க வேண்டும் என்பது சார் கட்சி. தம்பி நீலம் கேட்பான். நீலம் பகலில் காட்டிக்கொடுத்துவிடும் என்பார் சார்.

பேசித் தீராததால் ஏரிக்குப் போனோம். அக்கரை கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான். ஒயர் கூடையில் விமானங்களை அடுக்கி, ஆவடியிலிருந்து பூந்தமல்லி, அங்கிருந்து வேறு பஸ். தூண்டில் நரம்பில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி, விமானம் நகராதபடி தண்ணீரில் நிறுத்துவோம். பிறகு கரையோடு பின்பக்கமாக நடக்க வேண்டும். எத்தனையாவது அடியில் கண்ணிலிருந்து மறைகிறது என்று எண்ண வேண்டும். சீக்கிரம் மறைந்தால் நல்ல கலர். அந்த எண்ணை விமானத்தின் வயிற்றில் சின்ன பிரஷ்ஷால் எழுதிவிடுவோம். அன்று நீலம் தொண்ணூற்று இரண்டு. பச்சை நூற்றுப் பத்து. கடைசியாக அந்தச் சாம்பல். வெள்ளை நான்கு பங்கு, கறுப்பு ஒன்று, நீலம் ஒரு சொட்டு. மினுமினுப்பு இருந்தால் வெயிலில் பளிச்சென்று அடிக்கும் என்று அதில் முகத்துக்குப் போடுகிற பவுடரை ஒரு கை கலந்திருந்தேன். அது என் யோசனை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"அண்ணாத்தே, கீதா?" என்று தம்பி கேட்டுக்கொண்டே நடந்தான்.

"கீது."

"இப்ப?"

"இப்பவும் கீது."

அறுபத்தொன்றில் நான் நின்றேன். "பூட்ச்சிபா" என்றேன். தம்பி கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். சாரும் பார்த்தார். தண்ணீர்தான் இருந்தது. நான் கை தட்டினேன். சாரும் தட்டினார், அதற்கு முன் அவர் கை தட்டி நான் பார்த்ததில்லை. மதகுப் பக்கமிருந்து ஏரிக் காவல்காரர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இன்னா சார் நீங்க! எல்லாரும் கெடச்சா கை தட்டுவாங்க. நீங்க இன்னாடான்னா தொலஞ்சி போனதுக்குத் தட்டுறீங்க!"

நாங்களும் சிரித்தோம். தம்பி விமானத்தின் வயிற்றில் அறுபத்தொன்று என்று எழுதினான்.

அடுத்த வருடமே அவன் கடற்படையில் சேர்ந்தான். விமானத்தில் ரேடியோ பார்க்கிற வேலை கிடைத்தது. மாதம் ஒரு கடிதம் வரும். ஒரு கடிதத்தை சார் பெயிண்ட் ஷாப்புக்கே கொண்டுவந்து எனக்குப் படித்துக் காட்டினார். 'எங்கள் விமானத்தின் நிறம் பெயிண்டர் அண்ணன் ஏரியில் கலந்த அதே சாம்பல். பவுடர் வாசனைதான் இல்லை.' ஷாப்பில் இருந்த பத்துப் பேருக்கும் அன்று நான் டீ வாங்கிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் என் கலரைப் பற்றி ஒருவர் எழுதியது அது ஒன்றுதான்.

தொண்ணூறாம் வருடம், மழைக்காலம். தம்பி போன விமானம் திரும்பி வரவில்லை. நடுக்கடலில் புயலில் மாட்டியது என்றார்கள். வீட்டுக்கு ஓர் அதிகாரி வந்தார், கூட இரண்டு பேர். நானும் அங்கே இருந்தேன். நான்கு நாள் தேடினோம், தண்ணீர் மேல் ஒன்றும் கண்ணில் படவில்லை என்று அந்த அதிகாரி சொன்னார். நல்ல மனிதர். தம்பியின் அம்மா உள்ளே போய்விட்டார். சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிளேன் என்ன கலரு?"

அதிகாரிக்குப் புரியவில்லை. "சாம்பல் நிறம்தாங்க" என்றார். சார் என்னைப் பார்க்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த விமானத்துக்கு நான் பெயிண்ட் அடிக்கவில்லை. எனக்குத் தெரியும். எங்கேயோ யாரோ அடித்தது. ஆனால் மறைந்ததும் கை தட்டியவன் நான்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மூன்று மாதம் கழித்து சார் மறுபடி கட்டை செதுக்க ஆரம்பித்தார். அதே புத்தகம், அதே விமானங்கள். நேவியில் இருந்திருந்தால் என்கிற அதே விளையாட்டு. கலர் மட்டும் வேறு. இறக்கை நுனியில் ஆரஞ்சு. வால் முழுக்க மஞ்சள். முதுகில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை. எந்த நாட்டுக் கடற்படையும் போரில் அப்படி அடிக்காது. "எதிரி கண்ணுல பட்டுரும் சார்" என்றேன். "படட்டும்" என்றார். "நம்மாளு கண்ணுல படணும்லா." பழக்கத்தில் நான் பவுடர் டப்பாவை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். "அது வேண்டாம் பெயிண்டரு. மினுங்கட்டும்."

மறுபடி ஏரிக்குப் போனோம். இப்போது தூரம் போகப் போகத்தான் நல்ல கலர். மஞ்சள் நூற்றுத் தொண்ணூறு. சிவப்பு மாலை வெயிலில் கறுத்துப் போய் நூற்று இருபதிலேயே மறைந்தது. ஆரஞ்சு இருநூற்று நாற்பத்து நான்கு. எனக்கு இன்னும் தெரிகிறது என்று நான் சொன்னாலும் சார் தன் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார். தன் கண்ணால் பார்க்காத எண்ணை அவர் எழுதவே மாட்டார். காவல்காரர் ஒரு நாள், "தம்பி வர்லியா சார்?" என்று கேட்டார். "அவன் கடல்ல இருக்கான்" என்றார் சார். "நல்லதா போச்சு. கவர்மெண்ட் சோறு, பென்சன் கீது" என்று அவர் தலையாட்டிக்கொண்டே போனார். ஆறு வருடம் இப்படியே போனது.

தொண்ணூற்று ஆறில் சார் ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊருக்குப் போக வேண்டும். அந்த வருடம் கல்லறைத் திருநாள் வந்தது. நவம்பர் இரண்டாம் தேதி. கத்தோலிக்கர்கள் எல்லாரும் இறந்துபோன தங்கள் மனிதர்களின் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். குவார்ட்டர்ஸில் காலையிலிருந்தே சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வாழ்நாள் முழுக்கப் பெயிண்ட் அடித்த மனிதருக்கு அன்று வெள்ளையடிக்க ஒரு கல்லறை இல்லை. ஏரிக்குப் போவோம் என்றார். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, "நானும் வாரேன்" என்றார். கையில் சாமந்திப்பூவும் மெழுகுவத்தியும்.

சார் கூடையில் ஆரஞ்சு விமானத்தை வைத்திருந்தார். அம்மா அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அலமாரிக்கு அடியிலிருந்து பழைய சாம்பலைக் கொண்டுவந்தார். "இதத்தான் விடணும்" என்றார்.

"அது தெரியாதுட்டி" என்றார் சார்.

"யாருக்கு?"

சார் கூடையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஏரி நிறைந்திருந்தது. தூறல். நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நட்டைப் போட்டு நிறுத்திவிட்டு வந்தேன். மூவரும் பின்பக்கமாக நடந்தோம். எண்ணுவது என் வேலை. ஐம்பத்தெட்டில் எனக்குப் போய்விட்டது. சாரைப் பார்த்தேன். அவருக்கும் போய்விட்டது. இருவரும் நின்றோம். அம்மா நிற்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார்.

"அந்தா கெடக்கு" என்றார்.

நூறு. "அந்தா." நூற்று ஐம்பது. சேலை முழுக்க நனைந்துவிட்டது. சார், "போதும், வந்துரு" என்றார். அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பேசாதிய. தம்பி, நீங்க எண்ணுங்க" என்று என்னிடம் சொன்னார். நான் எண்ணினேன். தொலைத்ததைத் தேடுகிற கண் அலையும். அம்மாவின் கண் அலையவில்லை. ஒரே இடத்தில் நின்றது. இருநூறு, முந்நூறு என்று போனோம். அந்தா, அந்தா என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார், குழந்தை தெருவில் நடந்து போவதை வாசலிலிருந்து பார்க்கிற மாதிரி. கடைசியில் அவர் முதுகு மதகுச் சுவரில் முட்டியது. அதற்கு மேல் வழி இல்லை. "இன்னும் தெரியுது" என்றார். பூவைத் தண்ணீரில் போட்டார். மெழுகுவத்தியைச் சுவரில் நட்டு, கையால் மறைத்துக்கொண்டு ஏற்றினார். சார் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதார். ஆறு வருடத்தில் முதல் தடவை.

ஊருக்குப் போகிற அன்று சார் அந்தச் சாம்பல் விமானத்தை ஒரு துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். சாரும் அம்மாவும் இப்போது இல்லை.

போன மாதம் அதை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். கரையான்சாவடியில் ஷேர் ஆட்டோ பிடித்தேன். வயல் இருந்த இடமெல்லாம் இப்போது குடோன். எனக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது. நட்டைப் போட்டு, பின்னால் நடந்து எண்ணினேன். முப்பத்தெட்டில் போய்விட்டது. நான் நடந்து பார்த்தேன், அந்தா என்று சொல்லியும் பார்த்தேன். எனக்குத் தண்ணீர்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ஈரம் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன். வயிற்றில் தம்பியின் எழுத்தில் அறுபத்தொன்று. அதன் மேல் ஒரு கோடு அடித்திருக்கிறது. கீழே சாரின் எழுத்து.

நானூற்றுப் பன்னிரண்டு.