மூலைக் கீ

மோடம் தம்பிக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. பெயர் மட்டும் இன்னும் தம்பிதான். கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுக்க எந்த அலுவலகத்துக்குப் போனாலும் உடனே வேலையில் இறங்கமாட்டான். அங்கே தட்டச்சு செய்கிறவருக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பான். கைரேகை பார்க்கிறாரா என்று கேலி செய்வார்கள். சிரித்து மழுப்புவான். காரணம் வெளியே சொல்கிற மாதிரியா இருக்கிறது?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு மருந்துக் கிடங்கில் திரையும் கீபோர்டும் மட்டுமான பழைய டெர்மினலைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். அது டெலிபோன் லைன் வழியாகத் தலைமை அலுவலகத்தோடு பேச ஒரு மோடம்; பழைய டெர்மினல் போலவே நடந்துகொள்ள ஒரு மென்பொருள். எந்தக் கீயை அழுத்தினால் எந்தக் கட்டளை போக வேண்டும் என்று அதில் வரிவரியாக எழுதுவது இவன் பொறுப்பு. மென்பொருளோடு வந்த புத்தகத்தில் இருந்தபடி 'அனுப்பு' என்பதை மேல் வரிசையில் வைத்து, சீட்டும் எழுதி ஒட்டினான். சோதனைக்காகத் திரையில் இருக்கும் எழுத்துகளை அடிக்கடி துடைக்க வேண்டியிருந்தது. அதற்கு எண் கீகளின் வலது மேல் மூலையை வைத்துக்கொண்டவன், அந்த வரியை எடுக்க மறந்துபோனான்.

பழைய டெர்மினலில் அந்த மூலைதான் 'அனுப்பு'. அங்கே பட்டியல்களைத் தட்டச்சு செய்த டைப் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பதினெட்டு வருஷமாகக் கீழே குனியாமல் அடித்தவர். அவருக்குச் சீட்டு எதற்கு? அவசரத்தில் விரல் பழைய மூலைக்கே ஓடியது. அனுப்பினாலும் திரை காலியாகும், துடைத்தாலும் காலியாகும். பதினோரு ஆஸ்பத்திரிகளின் மருந்துப் பட்டியல் போன இடம் தெரியவில்லை.

இவனைக் கூப்பிட்டார்கள். பார்த்ததுமே புரிந்துவிட்டது. அந்த வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, "லைன்ல கோளாறு எதுவும் இல்ல சார்" என்றான். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு வாரம் இருந்தது. மேலாளர் எல்லோர் முன்னாலும் அக்காவைப் பார்த்து, "வயசாயிடுச்சும்மா, லேபிள் ஒட்டப் போங்க" என்றார். அக்கா எழுந்து லேபிள் மேசைக்குப் போனார். இவன் பையை மூடிக்கொண்டு கிளம்பினான்.

நான்கு மாதம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கிடங்குக்குப் போகும்போதெல்லாம் அக்கா சாப்பிட்டாயா என்று கேட்பார். அது வேறு சுருக்கென்று தைக்கும். ஒருநாள் அவர் முகத்தில் புதுக் கண்ணாடி.

"கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாரு டாக்டரு. நான்தான் பிடிவாதமா வாங்கிக்கிட்டேன். இல்லேன்னா எப்படி அத்தனை தப்பு வரும்?"

அதற்குமேல் அவனால் முடியவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அக்காவின் வலது கை லேபிள் கட்டின் மேல் மெல்ல நகர்ந்து, ஒரு மூலையை அழுத்திப் பார்த்தது.

"அப்ப என் கை சரியாத்தான் போயிருக்கு," என்றார். பிறகு, "மேல போய் இத அவர்கிட்டயும் சொல்லு."

போய்ச் சொன்னான். மேலாளர் வாங்கு வாங்கென்று வாங்கினார். நல்லவேளை, வேலை தப்பியது.

அடுத்த திங்கட்கிழமை அக்கா பழைய நாற்காலிக்கு வந்தார். மூலைக் கீயை 'அனுப்பு' என்றே மாற்றி எழுதிவிட்டு, இவன் பின்னால் நின்றான். அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். ஒவ்வொரு கீயாகத் தேடித் தேடி, பார்த்துப் பார்த்து அழுத்தினார். கடைசியில் மூலைக் கீயை அழுத்திவிட்டுத் திரும்பினார்.

"போயிடுச்சா தம்பி?"

"போயிடுச்சுக்கா."

அடுத்த பட்டியலுக்கும் திரும்பிக் கேட்டார்.