நூல் சுற்றி மறைத்த காயம்

நூல்காரர் என்றால் கடல்பாலத்தில் மீன் பிடிக்கப் போகிற எல்லோருக்கும் தெரியும். தூண்டில் தண்டு கட்டிக் கொடுப்பவர். தண்டு ஏதோ ஓர் ஆலையிலிருந்து, தூண்டில் நரம்பு ஓடும் வளையமும் பிடியும் இல்லாமல் மொட்டையாக வரும். அதில் ஆளுக்குத் தகுந்ததைப் பொறுக்கி, வளையங்களை நூலால் சுற்றிக் கட்டி, மேலே பசை பூசிக் காயவைத்துக் கொடுப்பது அவர் தொழில். முப்பது வருஷம் அதில் போயிற்று. ஆள் கறார். "உன் தோளுக்கு இது ஆகாது, வேணும்னா வேற கடை பாரு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பதினான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

புதுத் தண்டு வந்தால் ஒரு காசை எடுத்து நுனியிலிருந்து அடிவரை தட்டிக்கொண்டே வருவார். நல்ல தண்டு முழுக்க ஒரே மாதிரி கணீரென்று கேட்கும். அடிபட்ட இடத்தில் மட்டும் சத்தம் அடைத்துப்போகும். கார்பன் தண்டின் சங்கதி அப்படி. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளே நார் நசுங்கிக் கிடக்கும். என்றைக்காவது மொத்தப் பாரமும் அந்த இடத்தில் இறங்கும்போது படக்கென்று ஒடியும். அப்படிப்பட்ட தண்டைத் தூக்கிப் போடு, சும்மா கொடுத்தாலும் வாங்காதே என்று வருகிறவனுக்கெல்லாம் பாடம் நடத்துவார்.

அவருடைய தங்கை புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். முட்டையை எடுத்து வைக்கிற மாதிரி சரக்குப் பெட்டகத்தை இறக்குவான் என்று பெயர். மீன் கூட்டம் வருகிற பருவத்தில் அவனுக்குப் பாலத்திலிருந்து பொய்யிரை வீச ஆசை வந்தது. பொய்யிரை என்பது தகரத்திலும் மரத்திலும் செய்த பொம்மை மீன்; வீசிவிட்டு உயிருள்ளது போல ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டும். நூல்காரர் ஒன்பதரை அடித் தண்டு ஒன்றைப் பொறுக்கினார். வந்த சரக்கிலேயே அதுதான் ராஜா. சனிக்கிழமை தருகிறேன் என்று வாக்கும் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மேல்தட்டிலிருந்து ஓர் ஈயக்குண்டு நழுவி அந்தத் தண்டின் மேல் விழுந்தது. காசை எடுத்துத் தட்டினார். பிடிக்கு மேலே இரண்டு சாண் தள்ளி, சத்தம் அடைத்தது. மறுபடி தட்டினார், மறுபடி அடைத்தது. அதே மாதிரி இன்னொன்று வர மாதம் ஆகும். மச்சினன் ஆசையாகக் கேட்டிருக்கிறான். வளையத்தை இரண்டு விரல் கீழே நகர்த்தி, சரியாக அந்த இடத்தின் மேல் வைத்து, நூலை இரட்டையாகச் சுற்றி, பசையை மூன்று பூச்சு பூசினார். நூல் தாங்கிக்கொள்ளும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். தொழில் தெரியாதவன் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. அவனுக்கு அடிபட்டதும் தெரிந்திருக்காது, மறைக்க வழியும் தெரிந்திருக்காது. பாழாய்ப்போன கெட்டிக்காரத்தனம்!

மூன்றாவது வாரம், மீனைப் பாலத்துக் கம்பிக்கு மேலே கொண்டுவரும்போது தண்டு அந்த வளையத்தடியில் ஒடிந்தது. கையிலிருந்த பாதி சிலும்பலோடு எகிறி அவன் வலது கண்ணில் இறங்கியது. கண் போயிற்று.

ஊரார் வாயை மூட உலைமூடி ஏது? "தண்டை வானத்தைப் பார்க்க நிமிர்த்திக்கிட்டுத் தூக்கினா ஒடியாம என்ன செய்யும்?" என்றார்கள் பாலத்தில். அப்படித் தூக்கினால் ஒடியும் என்பது உண்மைதான். அவன் அப்படித் தூக்கவில்லை என்பதைச் சொல்ல ஆளில்லை; கேட்டுக் கேட்டு அவனே தன் தப்புதான் என்று நம்பிவிட்டான். ஒடிந்த துண்டுகளை நூல்காரரே வாங்கிக்கொண்டு போய்க் குப்பையில் போட்டார்.

ஒற்றைக் கண்ணனுக்குக் கிரேன் கொடுக்க மாட்டார்கள். அதே துறைமுகத்தின் வாசலில் உட்கார்ந்து லாரி எண்களை எழுதும் வேலை கிடைத்தது. தங்கை விடவில்லை. அண்ணன் வந்து உட்கார்ந்த போதெல்லாம், "கூறு இருந்தா இப்படி ஆகுமா? ஒரு மீனுக்குக் கண்ணைக் குடுத்துட்டு வந்திருக்கு இந்த மனுஷன்" என்று ஆரம்பிப்பாள். அவன் தலையைக் குனிந்துகொள்வான். நூல்காரர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினன் கடைக்கு வந்தான்.

"மச்சான், மறுபடி பாலத்துக்குப் போகலாம்னு இருக்கேன். நல்ல தடியான தண்டா ஒண்ணு குடு. நான் என்ன முட்டாள்தனம் பண்ணாலும் ஒடியக்கூடாது."

மச்சினன் சுவரோரம் போய்ப் பன்னிரண்டு அடித் தண்டு ஒன்றுக்குக் கையை நீட்டினான். விரல்கள் தண்டுக்கு அரைச் சாண் முன்னாலேயே வெறும் காற்றில் மூடின. இரண்டாவது தடவைதான் பிடி கிடைத்தது.

"அது வேணாம் மாப்ள. அது கரையில நின்னு குண்டை ஒரு வீச்சு வீசிட்டு நட்டு வைக்கிற தண்டு. பொய்யிரைன்னா ஒரு நாளைக்கு இருநூறு தடவ வீசணும். தோள் கழண்டுடும். நுனியும் விறைப்பு, இரை கட்டையா வரும், ஒரு மீனும் சீண்டாது."

"பரவாயில்ல, இதையே குடு."

"பழசு மாதிரியே ஒன்பதரை அடி இருக்கு. மீனைத் தூக்க அடியில பலம் இருக்கு, நுனியும் நல்லா ஆடும்."

"விளையாடுறியா? அதைத்தானே ஒடிச்சேன். என் கை முரட்டுக் கை மச்சான். உன் தங்கச்சி சொல்றது சரிதான்."

பேசாமல் அந்தத் தடித் தண்டையே கட்டிக் கொடுத்திருக்கலாம். மச்சினன் இரண்டு நாள் வீசுவான், தோள் வலிக்கும், மீன் கிடைக்காது, இதுவும் நமக்கு ஆகாது என்று மூலையில் வைத்துவிட்டு வாசல் நாற்காலிக்குப் போய்விடுவான். நூல்காரருக்கு அது அப்படியே கண்ணில் தெரிந்தது. அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"நீ ஒடிக்கல மாப்ள. அது ஏற்கெனவே அடிபட்ட தண்டு. ஈயக்குண்டு விழுந்துச்சு. அந்த எடத்து மேலயே வளையத்தை வெச்சுச் சுத்திட்டேன்."

மச்சினன் தடித் தண்டைத் தரையில் ஊன்றினான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"கட்டுறதுக்கு முன்னாடியே."

"ஆஸ்பத்திரியில என் பக்கத்துல உக்காந்திருந்தியே, அப்பவும்?"

"அப்பவும்."

"அவ என்னைக் கூறுகெட்டவன்னு சொல்றப்போ எதிர்ல டீ குடிச்சுக்கிட்டு இருந்தியே, அப்பவும்?"

நூல்காரர் தரையைப் பார்த்தார்.

"கண்ணு போனதைக்கூட தலையெழுத்துன்னு விட்டுடுவேன்" என்றான் அவன். குரல் உயரவில்லை. "இந்தக் கையை நான் நம்பவே இல்ல மச்சான். என் பொண்ணு தூக்குப்பான்னு ஓடி வந்தா, போட்டுடுவேனோன்னு அவளை அவ அம்மாகிட்ட அனுப்புவேன். பதினாலு மாசம்."

தடித் தண்டைச் சாத்தி வைத்துவிட்டு ஒன்பதரை அடியை உருவி எடுத்தான். "இது நல்லதா?"

"நல்லது."

"நீ சொல்லாதே. காசைக் குடு."

காசை வாங்கி, தண்டைக் காதோரம் வைத்து, நுனியிலிருந்து அடிவரை தானே தட்டிக் கேட்டான். அடியிலிருந்து நுனிக்கு இன்னொரு தடவை கேட்டான். பிறகு மொட்டைத் தண்டைத் தோளில் சாத்திக்கொண்டான்.

"வளையம் வேற ஆளு கட்டட்டும். நீ வீட்டுக்கு வந்து அவகிட்ட உன் வாயால சொல்லு. நான் சொன்னா, தப்பிக்கப் பார்க்கிறேன்னு நினைப்பா."

சாயங்காலம் நூல்காரர் போனார். தங்கை பின்வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் நினைத்து வந்திருந்தார். அவள் பிழிந்த சட்டையை வாளியிலேயே போட்டாள்.

"உன்னைத் திட்டி ஒரு நாளைக்குத் தீர்த்துடுவேண்ணே. அந்த மனுஷனை நான் பேசின பேச்சுக்கு எங்க போவேன்? ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசல. உள்ளதான் உக்காந்திருக்காரு. இப்ப நான் எந்த மூஞ்சியோட உள்ள போவேன், சொல்லு."

அவள் ஈரக் கையோடு படியில் உட்கார்ந்தாள். இருட்டி வெகுநேரம் ஆகியும் இருவரில் ஒருவருக்கும் உள்ளே போகத் துணிவு வரவில்லை.